வீட்டில் வைத்துப் பார்க்கும் புற்றுநோயாளிக்கு எது உண்மையில் உதவுகிறது: கட்டில், ஏர் பெட், ஆக்ஸிஜன் மெஷின், மார்ஃபின், ஹோம் நர்ஸ்

புற்றுநோய் முற்றிய அப்பாவையோ அம்மாவையோ இனி வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானதும், சர்ஜிகல் கடையில் எழுதித் தரும் பட்டியலில் ஆக்ஸிஜன் மெஷினும் மானிட்டரும் மேலே இருக்கும். படுக்கை நடுவில் வரும். வலி மாத்திரை அந்தப் பட்டியலிலேயே இருக்காது. செலவைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வேன்: முதலில் வலி, அடுத்தது படுக்கை, அதற்கடுத்து வாரம் ஒருமுறையாவது வந்து பார்க்கும் பயிற்சி பெற்ற நர்ஸ். மெஷின்கள் கடைசியில். ஒவ்வொன்றிலும் எது நல்லது, எங்கே சறுக்கும் என்று பார்ப்போம்.

கட்டில்

வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். நம் வீட்டுக் கட்டில் ஒன்றரை அடி உயரம். குனிந்து குனிந்து திருப்பிப் போடுகிறவருக்கு ஒரே வாரத்தில் இடுப்பு போய்விடும். ஆஸ்பத்திரிக் கட்டில் உயரமாக இருப்பது பார்த்துக்கொள்பவருக்காகவும்தான்.

கடையில் செமி ஃபவுலர், ஃபுல் ஃபவுலர் என இரண்டு சொல்வார்கள். செமியில் முதுகுப் பக்கம் மட்டும் உயரும். ஃபுல்லில் முழங்கால் பக்கமும் தனியாக உயரும், கைப்பிடி இரண்டு இருக்கும். வாடகை கொஞ்சம் கூடினாலும் ஃபுல் எடுங்கள். முதுகை மட்டும் தூக்கினால் ஆள் மெல்லச் சறுக்கிக் கீழே இறங்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு நகரும். அந்த இழுவையில்தான் வால் எலும்புக்கு மேல் முதல் படுக்கைப்புண் வருகிறது. எனவே முதலில் முழங்காலை உயர்த்துங்கள், பிறகு முதுகை. சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரம் வரையிலும் நன்றாக நிமிர்ந்திருக்கட்டும். மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

இறக்கும்போதே மூன்றைச் சோதியுங்கள்: நான்கு சக்கரமும் பூட்டு விழுகிறதா, பக்கக் கம்பி தட்டினால் கழன்று விழாமல் நிற்கிறதா, கைப்பிடி உள்ளே மடங்குகிறதா. மடங்காத கைப்பிடி இருட்டில் முழங்கால் கீழ் எலும்பைப் பதம் பார்க்கும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். திருப்பிப் போட இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். மோட்டார் கட்டில் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் கை வேலை செய்கிற, மூச்சுத் திணறலால் அடிக்கடி நிமிர்ந்து உட்கார வேண்டிய நோயாளிக்கு அது பெரிய வரம். யாரையும் எழுப்பாமல் தானே பட்டனை அழுத்திக்கொள்ளலாம்.

ஏர் பெட்

இங்கே கஞ்சத்தனம் கூடாது. இரண்டு வகை உண்டு. ஒரே ஷீட்டில் குமிழ் குமிழாக இருப்பது ஒன்று. குறுக்கே தனித்தனிக் குழாய்கள் வரிசையாக இருப்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரு சிறிய பம்ப் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பி, உடம்பில் அழுத்தம் படும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றும்.

தானாகக் கொஞ்சமாவது புரண்டு படுக்கிறவருக்குக் குமிழ் வகை போதும். அசையவே முடியாதவர், எலும்பும் தோலுமாக இளைத்தவர், ஏற்கெனவே புண் உள்ளவர், உடல் கனத்தவர் ஆகியோருக்குக் குழாய் வகைதான். குழாய் உயரம் அதிகம் என்பதால் இடுப்பு அடிவரை அமுங்காது. ஒரு குழாய் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். குமிழ் வகையில் ஓரிடம் கிழிந்தாலும் காற்று இறங்கிக்கொண்டே இருக்கும். கூடவே வரும் ஒட்டு, மடிப்பில் கிழிந்தால் நிற்பதில்லை.

வெறும் பலகை மேல் போடாமல், மூன்று நான்கு அங்குல ஃபோம் மெத்தை மேல் விரியுங்கள். குமிழ் மேல்பக்கம் இருக்க வேண்டும், ரப்பர் குழாய்கள் கால்மாட்டில் வர வேண்டும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நீண்டிருக்கும் மடிப்பை மெத்தைக்கு அடியில் செருகினால் நகராது. பம்பைக் கால்மாட்டுக் கம்பியில் கொக்கியால் மாட்டுங்கள். தரையில் வைத்தால் ராத்திரி முழுக்க ரீங்காரம் கேட்கும், யாராவது காலால் தட்டியும் விடுவார்கள். ஆள் இல்லாமல் அரை மணி நேரம் நிரம்ப விட்டு, பிறகு படுக்க வையுங்கள்.

அழுத்தம் சரியா என்பதைப் பம்பில் உள்ள எண் சொல்லாது, உங்கள் கை சொல்லும். ஏர் பெட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே, இடுப்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேல்நோக்க கையை நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலக் காற்று தெரிய வேண்டும். எலும்பு நேரே கையில் இடித்தால் அழுத்தம் போதாது, திருகைக் கூட்டுங்கள். முதுகை உயர்த்தியபின் இன்னொரு முறை பாருங்கள், அப்போது பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். மாறாக, உருண்டு விழுவதுபோல் இருக்கிறது, குத்துகிறது என்று அவர் சொன்னால் காற்று அதிகம்.

நல்ல ஏர் பெட்டைக் கெடுப்பது அதன் மேல் போடுவதுதான். ரெக்ஸின் ஷீட், மடித்த சேலை, இரண்டு அண்டர்பேட் (ஈரம் உறிஞ்சும் விரிப்பு), அதற்கு மேல் டயப்பர் என்று அடுக்கினால் கீழே பம்ப் ஓடுவது வீண். மெல்லிய பழைய பருத்தி வேட்டி ஒன்று, தேவைப்பட்டால் இடுப்புக்குக் கீழ் ஒரே ஒரு அண்டர்பேட், அவ்வளவுதான். வேட்டியை இழுத்துச் செருகினால் அது தொட்டில் மாதிரி உடம்பைத் தாங்கிக்கொள்ளும், குமிழ்கள் உடம்பைத் தொடவே தொடாது. தளர்வாக விடுங்கள்.

ஓட்டை விழுவது பெரும்பாலும் ஊக்கால். தாலிக்கொடியில் கோத்திருக்கும் சேஃப்டி பின், புடவைத் தலைப்பில் குத்தியது, இன்சுலின் ஊசி, வெட்டாத நகம். குனிந்து தூக்குகிறவர் ஊக்கைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும்.

பம்ப் எடுக்கும் மின்சாரம் பத்து வாட் அளவுதான், அதனால் தயங்காமல் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போனால், இரண்டு குழாயையும் பம்பிலிருந்து பிடுங்கி உடனே மடக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். காற்று நிற்கும், ஆனால் மாறி மாறி நிரம்பாது. கரண்ட் வரும்வரை அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்க வேண்டும்.

ஏர் பெட் இருப்பதால் திருப்பிப் போட வேண்டாம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நல்ல குழாய் வகையும் சிவக்காத தோலும் இருந்தால் நான்கு மணி நேரம்வரை நீட்டலாம். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, ஆடுசதைக்குக் கீழ் ஒன்று. குதிகால் எதிலும் படாமல் காற்றில் நிற்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் தப்பித்தீர்கள். வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் படுக்க வைக்காதீர்கள். அங்கே தேய்த்து விடுவது, ஸ்பிரிட் தடவுவது இரண்டும் கெடுதல். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம். வளையம் அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று புண் பெரிதாகும்.

டயப்பர், கதீட்டர், ஆறாத புண்

படுக்கையிலேயே இருப்பவருக்குப் பேன்ட் வகை டயப்பர் வேண்டாம், பக்கவாட்டில் ஒட்டும் டேப் வகை வாங்குங்கள். சைஸை எடை பார்த்து வாங்காமல், இடுப்பை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். ஆண்களுக்குக் கை வேலை செய்யும்வரை யூரின் கேனே மேல்.

சிறுநீர் இறங்கப் பொருத்தும் குழாயான கதீட்டரில் ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், ஏற்றி இறக்கும் பக்கக் கம்பியில் மாட்டக் கூடாது. அமைதியாக இருந்தவர் திடீரென்று புரண்டு, கையைக் காலை உதறி, எழுந்து உட்காரப் பார்த்தால் தூக்க மருந்து கேட்கும் முன் பையைப் பாருங்கள். குழாய் மடங்கியிருக்கலாம், அடைத்திருக்கலாம். கதீட்டர் இல்லாதவருக்குச் சிறுநீர் கட்டியிருக்கலாம். மலம் இறுகி நிற்பதும் இப்படியே அலைக்கழிக்கும்.

மார்பிலோ வாயிலோ வெடித்த கட்டியின் நாற்றம் வீட்டாரையும் நோயாளியையும் ஒருசேர ஒடுக்கிவிடும். இதற்கு விலை உயர்ந்த ஸ்ப்ரே தேவையில்லை. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய நீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்துத் தூவிக் கட்டும் முறையை நோய்த்தணிப்பு நர்ஸ்கள், அதாவது முற்றிய நோயின் வலியையும் தொல்லையையும் குறைக்கப் பயிற்சி பெற்றவர்கள், சொல்லித் தருவார்கள். சில நாளில் நாற்றம் நன்றாகக் குறையும். கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், உப்பு நீர் ஊற்றி ஊற வைத்து எடுங்கள். பிய்த்தால் ரத்தம் நிற்காது. படுக்கை அருகே அடர் நிறத் துண்டு ஒன்று இருக்கட்டும். திடீர் ரத்தப்போக்கில் வெள்ளைத் துணி எல்லோரையும் பயமுறுத்தும்.

ஆக்ஸிஜன் மெஷின்

விரலில் மாட்டும் கருவியில் ஆக்ஸிஜன் அளவு உண்மையிலேயே குறைவாக இருந்து, டாக்டர் எழுதித் தந்தால் மட்டும் எடுங்கள். மூச்சு வாங்குகிறது என்பதால் மட்டும் எடுத்தால் பலன் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் பெரிதாகக் குறையாமல், தீரா மூச்சுத்திணறல் மட்டும் இருந்தவர்களுக்கு மூக்குக் குழாயில் ஆக்ஸிஜனையும் சாதாரணக் காற்றையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முகத்துக்கு நேரே ஒரு சின்ன டேபிள் ஃபேன், திறந்த ஜன்னல், நிமிர்ந்த படுக்கை, டாக்டர் எழுதும் சிறிய அளவு மார்ஃபின் இவைதான் திணறலைத் தணிக்கும்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், 5 லிட்டர் மெஷின் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் வெகுநேரம் தாங்காது, கூடவே ஒரு சிலிண்டரும் வேண்டும். ஈரப்பதப் பாட்டிலில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றித் தினமும் மாற்றுங்கள். மூக்கும் உதடும் காய்ந்தால் பெட்ரோலியம் ஜெல்லி தடவாதீர்கள், நீர் சார்ந்த ஜெல் போதும். அந்த அறையில் விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் கூடாது. பூஜை அலமாரி அதே அறையில் இருந்தால் சாமியை அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள்.

சளி உறிஞ்சும் மெஷினையும் பல கடைகள் சேர்த்து எழுதித் தரும். அதைத் தவிர்க்கலாம். ஏன் என்பது கீழே வருகிறது.

மார்ஃபின்

மொத்தப் பராமரிப்பிலும் மலிவானது கடும் வலிக்கான இந்த மருந்துதான், கிடைக்க அலைச்சல் உள்ளதும் இதுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் வருடக்கணக்கில் மருந்து முடங்கிக் கிடந்தது. 2014இல் வந்த திருத்தம் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருந்து தர வழி செய்தது. தெருமுனை மெடிக்கலில் தேடாதீர்கள். சென்னையில் 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களிலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வலி நிவாரணப் பிரிவிலும் கேளுங்கள். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகும் முன், பழைய பயாப்சி ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் எடுத்துக்கொண்டு வீட்டில் ஒருவர் போய் விசாரிப்பது நல்லது.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வந்தபின் கொடுப்பதாக இல்லாமல் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு 10 மணிக்கு இரட்டை அளவு கொடுத்து, 2 மணி வேளையைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். இரண்டு வேளைக்கு நடுவே வலி வெடித்தால் கூடுதலாகக் கொடுக்கும் அளவு, ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒன்று. வேளைக்கு 5 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 30 என்றால், கூடுதல் வேளை 5. எல்லாம் டாக்டர் எழுதியபடி. கூடுதல் வேளை எத்தனை போனது என்று நோட்டில் குறித்து வைத்தால் அடுத்த முறை அளவைக் கூட்டுவதற்கு அதுதான் ஆதாரம். சிறுநீரகம் கெட்டவருக்கு அளவும் இடைவெளியும் வேறு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் மாத்திரையோடு மலமிளக்கியும் தொடங்க வேண்டும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. மாத்திரையை வீட்டார் நிறுத்துவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, 'மார்ஃபின் கொடுத்தால் போய்விடுவார், அடிமையாகிவிடுவார்' என்ற பயம். வலிக்கு அளந்து கொடுக்கும் மார்ஃபின் சாவைச் சீக்கிரப்படுத்துவதில்லை. திடீரென்று நிறுத்தினால்தான் வலியும் நடுக்கமும் சேர்ந்து வதைக்கும். எழுப்பினாலும் எழாமல் மூச்சு மிக மெதுவாகப் போனால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மருந்தை மெல்ல மெல்ல விடும் 12 மணி நேர மாத்திரையை ஒருபோதும் பொடிக்காதீர்கள். சாதாரண மாத்திரையைப் பொடித்துச் சில துளி நீரில் கரைக்கலாம். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, விழுங்க முடியாதவருக்கு வசதி. ஆனால் வேலை செய்யத் தொடங்கவே அரை நாளுக்கு மேல் ஆகும், அதுவரை பழைய மருந்து தொடர வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காய்ச்சல் வந்தாலோ வெந்நீர்ப்பை வைத்தாலோ மருந்து வேகமாக இறங்கும், கவனம்.

வீட்டுக்கு வரும் ஆட்கள்

மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருகிற திட்டம் என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவது அதில் சேர்ந்ததுதான். கிராம சுகாதார செவிலியரிடமோ வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிந்தால் போதும். புண்ணுக்குக் கட்டு, கதீட்டர் மாற்றுவது, வீட்டாருக்குப் பழக்கிவிடுவது எல்லாம் இலவசம். என் மதிப்பில் தமிழ்நாட்டில் இந்தத் தேவைக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு இது. குறை, ஒரு வட்டாரத்துக்கே விரல்விட்டு எண்ணும் ஆட்கள். வருகைக்கு நடுவே இடைவெளி விழும், ராத்திரிக்கு ஆள் கிடையாது. எனவே அடுத்த வருகை என்றைக்கு என்பதை அவர்கள் கிளம்பும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் தொண்டு அமைப்புகளின் வீட்டுச் சேவையும் உண்டு. ராத்திரி போனை எடுப்பார்களா என்பதை வைத்து அவர்களைத் தரம் பிரியுங்கள்.

ஏஜென்சி அனுப்பும் ஹோம் நர்ஸ்களில் பெரும்பாலோர் நர்சிங் படித்தவர்கள் அல்லர், உதவியாளர்கள். அது தவறில்லை, அந்த வேலைக்கு அது போதும். நர்ஸ் சம்பளம் வாங்கிக்கொண்டு உதவியாளரை அனுப்புவதுதான் தவறு. முதல் நாள் இரண்டு வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள்: ஆளை ஒருக்களித்து விரிப்பை மாற்றுவது, நிமிர வைத்துக் கரண்டியில் ஊட்டுவது. படுத்த வாக்கில் ஊட்டினால் ஆளை மாற்றச் சொல்லுங்கள். ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில், நோயாளி இறந்தால் கட்டிய முன்பணத்தில் மீதி திரும்புமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மட்டும் குடும்பத்தில் ஒருவரே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கும் இடைவெளி இல்லாமல் 24 மணி நேர வேலை கொடுக்காதீர்கள், அவரும் தூங்க வேண்டும்.

கடைசி நாட்கள்

சாப்பாடு குறைந்து, தூக்கம் கூடி, கை கால் குளிரத் தொடங்கும்போது டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி உறவினர்கள் நெருக்குவார்கள். அந்த நிலையில் உடம்பால் நீரைக் கையாள முடியாது. ஏற்றியது கை காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் தேங்கும். வாய் வறட்சிதான் தவிப்பைத் தருகிறது. அதற்கு ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டால் போதும். ஆளாளுக்கு வந்து பால் ஊற்றும் வழக்கமும் உண்டு. விழுங்காதவர் வாயில் கரண்டியால் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கும். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், யார் மனமும் நோகாது.

தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். கேட்கிறவர்களுக்குக் கொடுமை, நோயாளிக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆழத்தில் இருக்கும் அந்தச் சளியை மெஷினால் உறிஞ்ச முடியாது, குழாய் உள்ளே போவதுதான் துன்பம். ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைச் சற்று உயர்த்துங்கள். நர்ஸிடம் சொன்னால் சுரப்பைக் குறைக்கும் ஊசி போடுவார். விழுங்க முடியாதபோது மார்ஃபினையும் மற்ற மருந்துகளையும் தோலுக்கடியில் ஒரு சிறிய பட்டர்ஃப்ளை ஊசி பொருத்தி அதன் வழியே கொடுக்கலாம், நரம்பு தேடிக் குத்த வேண்டியதில்லை. இதைத் தெரிந்த நர்ஸ் உங்களிடம் உண்டா என்பதை முன்னாலேயே கேளுங்கள். இந்தக் கட்டத்தில் திருப்பிப் போடும் கணக்கையும் தளர்த்தலாம். அசைத்தால் முனகுகிறார் என்றால் கூடுதல் வேளை மருந்து கொடுத்து அரை மணி கழித்துத் திருப்புங்கள்.

மூச்சு விட்டு விட்டு வரும்போது பதறி 108ஐ அழைத்தால், அவர்கள் கடமை உயிரைக் காப்பதுதான். மார்பை அழுத்துவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். வழியில் உயிர் பிரிந்தால் போலீஸ் விசாரணை வரை போகும் சிக்கலும் உண்டு. நோயின் நிலையையும் வீட்டுப் பராமரிப்பு என்ற முடிவையும் சொல்லும் டாக்டர் கடிதம் ஒன்றை ஃபைலில் மேலாக வையுங்கள். வீட்டில் இறந்தால் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்று, அதாவது 4-ஏ படிவம், வாங்க வேண்டும். வந்து பார்த்துத் தருவாரா என்று முன்பே பேசிவிடுங்கள். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சியிலும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

வாடகைக் கட்டிலை முதல் நாளே போட்டோ எடுத்து வைத்திருந்தால் டெபாசிட்டில் பிடித்தம் செய்ய முடியாது. மீதமுள்ள மார்ஃபினைக் குப்பையில் போடாமல், இன்னொருவருக்கும் கொடுக்காமல், தந்த நிறுவனத்திலேயே எண்ணி ஒப்படைத்துவிடுங்கள்.